அண்டை வீட்டுச் சாட்சி

சென்ற வருஷம் ஐப்பசி மாதத்தில், அடைமழைக்கு நடுவே, மயிலாப்பூரில் வீடு தேடி மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அலைந்தேன். எனக்காக அல்ல, என் பழைய சிநேகிதர் ஒருவருடைய பெண்ணுக்காக. அவள் தியாகராயநகரில் ஒரு தணிக்கைக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவளும், அவளோடு கல்லூரியில் படித்த ஒரு பையனும் சேர்ந்து குடித்தனம் நடத்துவதென்று தீர்மானித்திருந்தார்கள்.

"கல்யாணம்?" என்று கேட்டேன்.

"இப்போதைக்கு இல்லை, மாமா" என்றாள். கூச்சமோ சவாலோ அந்தக் குரலில் இல்லை. மழை நிற்குமா என்று கேட்டால் எப்படிப் பதில் சொல்வாளோ அப்படிச் சொன்னாள்.

முதல் வீடு சித்திரைக்குளத்துக்குப் பக்கத்தில். வீட்டுக்காரர் ரிடையர் ஆனவர், நல்ல மனிதர். சம்பளம் கேட்டார், சொந்த ஊர் கேட்டார், அட்வான்ஸ் எத்தனை மாதத்துக்கு என்று பேசினார். கடைசியில், "கல்யாணம் ஆகி எத்தனை வருஷம் ஆச்சு?" என்றார். பையன் உள்ளதைச் சொல்லிவிட்டான். வீட்டுக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. உள்ளே போனார். எங்கள் எல்லோருக்கும் மோர் வந்தது. மோரைக் குடித்து முடித்ததும், "என் தங்கை பெண் வேறு இந்த வீட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்" என்றார். அந்தத் தங்கை பெண் மோர் வருகிற நேரத்தில்தான் பிறந்திருக்க வேண்டும்.

மூன்றாவது வீடும் இப்படிக் கைநழுவிய பிறகு, தரகர் என்னைத் தனியாக அழைத்துச் சென்றார். "சார், நீங்க கதை எழுதுறவர்தானே? ஒரு சின்னக் கதை சொல்லப்படாதா? மாட வீதியிலே மஞ்சள் கயிறு கிடைக்கும். வாங்கி அந்தப் பொண்ணு கழுத்திலே போட்டுட்டா நாளைக்கே சாவி வாங்கித் தர்றேன்" என்றார்.

அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். "பொய் சொல்லி நுழைகிற வீட்டில் நிம்மதியாகத் தூங்க முடியுமா, மாமா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

வீட்டுக்குத் திரும்பி வரும்போது, "காலம் கெட்டுவிட்டது, நம் நாளில் இதெல்லாம் உண்டா?" என்று என் வாய் தன்னையறியாமல் முணுமுணுத்தது. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். நம் நாளில் உண்டு. எங்கள் வீட்டுக்கு அடுத்த போர்ஷனிலேயே உண்டு. நான் சிறுவனாக இருந்தபோது கச்சேரி ரோடுக்குப் பின்னால் ஒரு ஒண்டுக் குடித்தன வீட்டில் இருந்தோம். அங்கே அச்சாபீஸ் தாத்தாவும் பாட்டியும் இருந்தார்கள். அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அவர்களை நினைத்துக்கொண்டுதான் ஒரு வக்கீல் நண்பருடைய அலமாரியைக் குடைய ஆரம்பித்தேன். நான் சட்டம் படித்தவன் அல்ல. கல்லூரிப் படிப்பையே பாதியில் விட்டவன். ஆனால் அந்தத் தடிப் புஸ்தகங்களில் நாவல்களை விட நல்ல கதைகள் இருக்கின்றன என்பது தெரிந்தது.

கதை 1872-இல் தொடங்குகிறது. அந்த ஒரே வருஷத்தில், கல்கத்தாவில் வைசிராயின் சட்ட மந்திரியாக இருந்த ஜேம்ஸ் ஸ்டீபன் என்ற துரை இரண்டு சட்டங்களை நிறைவேற்றி வைத்தார். ஒன்று, சடங்கில்லாமல் பதிவு செய்துகொள்ளும் கல்யாணத்துக்கான சட்டம். பிரம்ம சமாஜத்தாரின் வேண்டுகோளால் வந்தது. மற்றொன்று, கோர்ட்டில் எது சாட்சியம், எது சாட்சியம் அல்ல என்று சொல்லும் சாட்சியச் சட்டம். கல்யாணமாகாத ஜோடிகளின் சரித்திரம் இந்த இரண்டு சட்டங்களுக்கும் நடுவேதான் ஓடுகிறது.

முதல் சட்டத்தில் ஒரு முள் இருந்தது. அதன்படி மணம் செய்துகொள்ள வேண்டுமானால், 'நான் இந்து அல்ல, கிறிஸ்தவன் அல்ல, முஸ்லிம் அல்ல' என்று பெரிய மதங்களை எல்லாம் வரிசையாக மறுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். இந்த முள்ளை இந்துக்களுக்காக எடுத்தது 1923-இல்தான். ஆனால் அதற்கு முன்பே, 1914-இல், நம் சென்னையில் ஒரு டாக்டர் அம்மாள் இந்தச் சட்டப்படி மணம் புரிந்தார். அவர்தான் முத்துலட்சுமி ரெட்டி.

அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பதை அறிய அவர் பிறந்த வீட்டைப் பார்க்க வேண்டும். 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தந்தை நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் பிரின்சிபால். தாயார் சந்திரம்மாள், இசை வேளாளர் குலத்தைச் சேர்ந்தவர். அந்த உறவுக்காகத் தந்தையை அவருடைய குடும்பம் ஒதுக்கி வைத்தது. படித்த, பதவியில் இருந்த, பிள்ளை குட்டிகளோடு வாழ்ந்த ஒரு மனிதருக்கே இந்தக் கதி என்றால், அந்த அம்மாளின் நிலை எப்படி இருந்திருக்கும்! அந்த வீட்டில் வளர்ந்த பெண், டாக்டர் சுந்தர ரெட்டியை மணக்கச் சம்மதித்தபோது ஒரு நிபந்தனை விதித்தார்: தன்னைச் சமமாக மதிக்க வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. அவர் ஒப்புக்கொண்டார்.

பின்னால் அடையாறில் அவ்வை இல்லத்தையும், 1954-இல் புற்றுநோய் ஆஸ்பத்திரியையும் உண்டாக்கியவர் அவர்தான். பொட்டுக் கட்டுவதைத் தடுக்க அவர் பல வருஷங்கள் போராடியதன் பலனாக 1947-இல் மதறாஸ் சர்க்கார் சட்டம் கொண்டுவந்தது. அதற்கு முந்திய நாட்களில் தேவதாசி குலத்துப் பெண் ஒருவருடன் ஒரு பெரிய மனிதர் ஆயுள் முழுவதும் வாழ்வார்; ஊருக்கெல்லாம் தெரியும்; ஆனால் அவள் மனைவி ஆக மாட்டாள். 'சேர்ந்து வாழ்வது' கம்ப்யூட்டர் கம்பெனிகளோடு சென்னைக்கு வந்தது என்று நினைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். அன்றைக்குக் கேள்வி கேட்கப்பட்டவள் பெண் மட்டும்தான். இன்றைக்குச் சித்திரைக்குளத்தில் பையனையும் கேட்கிறார்கள். அதுவும் ஒரு முன்னேற்றம்தான்.

பழைய இந்துச் சட்டம் இத்தகைய பெண்ணை அடியோடு கைவிட்டுவிடவில்லை என்பதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. 'அவருத்த ஸ்திரீ' என்று அவளுக்கு ஒரு பெயர் உண்டு. ஒருவனையே நம்பி, அவன் ஒருவனோடு மட்டும் நிலையாக வாழ்ந்தவள் என்று அர்த்தம். அவன் இறந்துபோனால் அவனுடைய சொத்திலிருந்து அவளுக்குச் சோறும் துணியும் கிடைக்க வேண்டும். பம்பாயிலிருந்து போன ஒரு வழக்கில், 1926-இல், லண்டன் பிரிவி கவுன்ஸில் இதை உறுதிப்படுத்தியது. அவள் அவனுடைய குடும்ப வீட்டிலேயே இருந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை; உறவு நிலையானதாக, ஒளிவு மறைவில்லாததாக இருந்தால் போதும் என்றார்கள்.

பிறகு சுதந்திரம் வந்தது. 1955-இலும் 1956-இலும் இந்துச் சட்டங்களைத் திருத்தி எழுதினார்கள். ஒருவனுக்கு ஒருத்தி என்றார்கள். விவாகரத்து உண்டு என்றார்கள். பெண்ணுக்குச் சொத்து உண்டு என்றார்கள். எல்லாம் நல்ல காரியங்கள். ஆனால் ஜீவனாம்சச் சட்டத்தில், இறந்தவனை நம்பி இருந்தவர்கள் யார் யார் என்று ஒரு ஜாபிதா போட்டபோது, மணமில்லாமல் பிறந்த குழந்தைக்கு அதில் இடம் கிடைத்தது. குழந்தையைப் பெற்றவளுக்குக் கிடைக்கவில்லை. அவருத்த ஸ்திரீ சத்தமில்லாமல் சட்டப் புஸ்தகத்திலிருந்து வெளியேறினாள். அவளை வழியனுப்ப யாரும் வரவில்லை.

அதே சமயத்தில் தமிழ்நாட்டில் இன்னொரு வேடிக்கை நடந்தது. வேடிக்கை என்று சொல்லக் கூடாது. பல குடும்பங்களுக்கு அது வயிற்றெரிச்சல். 1928-இல் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் ஒரு சுயமரியாதைத் திருமணம் நடந்தது. புரோகிதர் இல்லை, அக்கினி இல்லை, மந்திரம் இல்லை. பிறகு ஊர் ஊராக அவ்வாறே மாலை மாற்றிக்கொண்டார்கள். ஊரைக் கூட்டி, மேடை போட்டு, பிரசங்கம் கேட்டு, சாப்பாடும் போட்டு நடந்த கல்யாணங்கள் அவை. ஆனால் 1953-இல் சென்னை ஹைகோர்ட்டுக்கு ஒரு சொத்து வழக்கு வந்தது. சாஸ்திரப்படி சடங்கு நடக்கவில்லை. வழக்கம் என்று சொல்லலாமென்றால் வழக்கத்துக்குப் பழமை வேண்டும். நேற்று முளைத்ததை வழக்கம் என்று ஏற்க முடியாது என்று தீர்ப்பாயிற்று.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். காலையில் புருஷனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தவள், சாயங்காலம் பத்திரிகையைப் பிரித்தால், சட்டத்தின் பார்வையில் கல்யாணமே ஆகாதவள்! அதே மனிதர், அதே வீடு, அதே குழந்தைகள். மாறியது காகிதத்தில் இருந்த ஒரு சொல்.

இந்த நிலை பதினான்கு வருஷங்கள் நீடித்தது. 1967-இல் அண்ணாதுரை முதல் மந்திரியானதும் இந்துத் திருமணச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தார். உற்றார், நண்பர் அல்லது வேறு சிலர் முன்னிலையில், தமக்குப் புரிந்த மொழியில், இன்னாரை ஏற்கிறேன் என்று சொன்னாலோ, மாலையோ மோதிரமோ தாலியோ அணிவித்தாலோ போதும். 1968 ஜனவரியில் அது அமுலுக்கு வந்தது. முன்பு நடந்தவற்றுக்கும் செல்லும் என்று எழுதியிருந்ததால், பழைய ஜோடிகள் எல்லாம் திரும்பவும் தம்பதிகள் ஆனார்கள். அந்தத் திருத்தம் வருவதற்குள் எத்தனை விதவைகள் விதவைகள் அல்ல என்று சொல்லப்பட்டுச் சொத்தை இழந்தார்களோ!

இனி இரண்டாவது சட்டத்துக்கு வருகிறேன். 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 50-ஆவது பிரிவில் ஒரு சின்ன உதாரணம் இருக்கிறது. இன்னாரும் இன்னாரும் கணவன் மனைவியா என்பது கேள்வியானால், நண்பர்கள் அவர்களைக் கணவன் மனைவியாக வரவேற்று நடத்தினார்கள் என்பதையும் கோர்ட்டார் கவனிக்கலாம். இருதார வழக்கிலும் விவாகரத்து வழக்கிலும் அது மட்டும் போதாது, மற்றவற்றில் செல்லும். 2024 ஜூலையில் பழைய சட்டம் போய்ப் புதிய சட்டம் வந்தபோதும் இந்த விஷயம் மாறவில்லை. அதாவது, புரோகிதர் இல்லாத இடத்தில் அண்டை வீட்டார் சாட்சி.

இந்தச் சாட்சி எவ்வளவு வலிமையானது என்பதை இலங்கையிலிருந்து போன ஒரு வழக்கு காட்டிற்று. 1927-இல் பிரிவி கவுன்ஸில் தீர்ப்புச் சொன்னது. ஓர் ஆணும் பெண்ணும் கணவன் மனைவியாக வாழ்ந்தது ருசுவானால், முறையான மணத்தினால்தான் அப்படி வாழ்ந்தார்கள் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்பவர்தான் இல்லை என்று தெளிவாக ருசுப்படுத்த வேண்டும் என்றார்கள். 1978-இல் நம் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஐம்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்த ஒரு ஜோடியின் விவகாரம் வந்தது. கல்யாணம் செய்து வைத்த புரோகிதரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றவில்லையே என்பது எதிர்க்கட்சியின் வாதம். ஜட்ஜ் கிருஷ்ணய்யர் அதை ஒதுக்கித் தள்ளினார். அரை நூற்றாண்டுக்குப் பிறகு புரோகிதரைத் தேட வேண்டுமென்றால் நம்மில் எத்தனை பேர் தேறுவோம்? என் கல்யாணத்துக்கு வந்த வாத்தியாரின் பெயரே எனக்கு மறந்துவிட்டது.

இதுவரை சொன்னதெல்லாம், கல்யாணம் ஆனதாகவே ஊர் நம்பியவர்களின் கதை. ஆகவில்லை என்று வெளிப்படையாகச் சொல்கிறவர்களின் கதை 2005-இல் சென்னையில் வெடித்தது. நடிகை குஷ்பு ஒரு பத்திரிகைக்குச் சொன்ன சில அபிப்பிராயங்களுக்காக ஊர்வலங்கள் நடந்தன, கொடும்பாவிகள் எரிந்தன, தமிழ்நாட்டுக் கோர்ட்டுகளில் இருபதுக்கும் மேற்பட்ட புகார்கள் பதிவாயின. 2008-இல் ஹைகோர்ட் அவற்றை ரத்துச் செய்ய மறுத்தது. 2010 ஏப்ரல் 28-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் எல்லாவற்றையும் தள்ளியது. வயது வந்த ஆணும் பெண்ணும் மனமொத்து மணமின்றிச் சேர்ந்து வாழ்வது குற்றம் ஆகாது. பிறர் மனைவியோடு தொடர்பு என்பது மட்டும் விலக்கு என்றது. அந்த விலக்கும் 2018-இல் குற்றச் சட்டத்திலிருந்து போய்விட்டது.

குற்றம் இல்லை, சரி. உரிமை உண்டா? ஆறே மாதத்தில், 2010 அக்டோபரில், கோயம்புத்தூர் வழக்கு ஒன்றில் அந்தக் கேள்வி எழுந்தது. தன்னைக் கைவிட்டுப் போனவரிடம் ஜீவனாம்சம் கேட்டு ஒரு பெண் தொடுத்த வழக்கு. குடும்பக் கோர்ட் விதித்த தொகை மாதம் 500 ரூபாய். அந்த 500 ரூபாய் டில்லி வரை போயிற்று! அவருக்கு முன்பே ஒரு மனைவி உண்டா என்ற தகராறு இருந்ததால், சுப்ரீம் கோர்ட் அதைத் திரும்ப விசாரிக்கச் சொல்லி அனுப்பியது. கூடவே, 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் உள்ள 'மணத்தின் தன்மை கொண்ட உறவு' என்றால் என்ன என்று விளக்கியது. இருவரும் மண வயது அடைந்திருக்க வேண்டும். மணம் செய்துகொள்ளத் தடையில்லாதவர்களாக இருக்க வேண்டும். கணிசமான காலம் ஒரே வீட்டில் மனமொத்து வாழ்ந்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முதலாக, கணவன் மனைவி போல உலகத்துக்குத் தங்களைக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

இந்த முதல் நிபந்தனையைப் படித்ததும் எனக்குத் தரகரின் மஞ்சள் கயிறு ஞாபகம் வந்தது. கயிற்றை வாங்கி, வீட்டுக்காரரிடம் பொய் சொல்லிக் குடியேறியவளுக்கு, நாளைக்கு அவன் அடித்து விரட்டினால் சட்டத்தின் கதவு சுலபமாகத் திறக்கும். 'நாங்கள் தம்பதிகள் அல்ல' என்று முதல் நாளே உண்மையைச் சொன்னவள் அந்தக் கதவை வெகு நேரம் தட்ட வேண்டியிருக்கும். வீட்டுக்காரர் மோர் கொடுத்துக் கேட்ட கேள்வியும் ஜட்ஜ் ஆசனத்திலிருந்து கேட்கும் கேள்வியும் ஒன்றாகவே இருக்கின்றன: உங்களை ஊர் என்னவென்று நினைக்கிறது?

நல்ல வேளையாக வேறு விதமான தீர்ப்புகளும் வருகின்றன. மணமாகாத ஜோடி ஒன்று தங்கியிருந்ததைக் காரணம் காட்டிக் கோவையில் ஒரு விடுதிக்குச் சீல் வைத்தபோது, அப்படித் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று 2019-இல் சென்னை ஹைகோர்ட் கூறியது. வடக்கே உத்தரகண்டில் 2025 ஜனவரி முதல், சேர்ந்து வாழ்கிறவர்கள் ஒரு மாதத்துக்குள் சர்க்காரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும்; தவறினால் சிறையோ அபராதமோ உண்டு. நம் பக்கத்தில் அந்தச் சட்டம் இல்லை. சர்க்கார் கேட்காததை வீட்டுக்காரர்கள் கேட்டுவிடுகிறார்கள்.

அச்சாபீஸ் தாத்தாவைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? அவர் ஓர் அச்சாபீஸில் கணக்கெழுதினார். பாட்டி அப்பளம் இட்டு விற்பாள். சாயங்காலத்தில் இருவரும் சேர்ந்துதான் கபாலி கோயிலுக்குப் போவார்கள். தாத்தா நாலு அடி முன்னால், பாட்டி நாலு அடி பின்னால். நாற்பது வருஷம் ஒன்றாக இருந்தார்கள். நான் ஐந்தாவது படிக்கும்போது ஒரு மார்கழி விடியற்காலையில் தாத்தா போய்விட்டார். தபாலாபீஸில் கொஞ்சம் பணம் இருந்தது. நாமினி எழுதவில்லை. பதினைந்தாம் நாள் ஊரிலிருந்து ஒரு தம்பி மகன் வந்தான். "பெரியப்பாவுக்குக் கல்யாணமே ஆகவில்லையே!" என்றான்.

வாரிசு சர்டிபிகேட் விசாரணைக்குத் தாலுகா ஆபீஸிலிருந்து ஒருவர் வந்தார். முற்றத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு குடித்தனக்காரர்களை ஒவ்வொருவராகக் கேட்டார். என் அம்மா கையெழுத்துப் போட்டாள். பணம் பாட்டிக்கு வந்தது. அதை வைத்துக்கொண்டு அந்தப் போர்ஷனிலேயே இன்னும் ஒன்பது வருஷம் இருந்து கண்ணை மூடினாள்.

இந்தக் கட்டுரைக்காகப் போன மாதம் அம்மாவிடம் கேட்டேன். அம்மா சிரித்தாள். "எனக்கு முன்னாலேயே தெரியும்டா. ஒரு ஆடிப்பெருக்கன்னிக்கு நாங்கள்ளாம் தாலிச் சரடு மாத்திண்டோம். பாட்டி சங்கிலியை வெளியே எடுத்துக் காட்டினாள். அதிலே ஒண்ணுமே இல்லை. பன்னிரண்டு வயசிலே வாழ்வு போனவளாம். ரெண்டு பேர் ஊரிலேயும் ஒத்துக்கலையாம். ரயிலேறி இங்கே வந்துட்டாளாம்" என்றாள்.

"அப்படியானால் அதிகாரியிடம் பொய்யா சொன்னாய்?"

"அவர் 'தாலி கட்டினதைப் பார்த்தீங்களா'ன்னா கேட்டார்? 'இந்த அம்மா அவர் சம்சாரந்தானா'ன்னு கேட்டார். தாத்தாவுக்கு நெஞ்சு வலி வந்தப்போ ராத்திரியெல்லாம் காலைப் பிடிச்சிண்டு உட்கார்ந்திருந்தது யாரு? ஆமாம்னு சொன்னேன்."

1856-இலிருந்தே விதவா விவாகம் சட்டப்படி செல்லும். பாட்டியும் தாத்தாவும் எந்த நாளிலும் பதிவு செய்துகொண்டிருக்கலாம். அது அவர்களுக்குத் தெரியாது. என் அம்மாவுக்கு 50-ஆவது பிரிவு தெரியாது. ஆனால் அந்தப் பிரிவு கேட்பதைத்தான் அம்மா சொன்னாள்.

சிநேகிதரின் பெண்ணுக்குக் கடைசியில் அடையாறில் ஒரு வீடு கிடைத்தது. உண்மையைச் சொல்லித்தான் கிடைத்தது. வாடகை மட்டும் இரண்டாயிரம் அதிகம். அவளுக்கு மூன்று யோசனை சொன்னேன். வாடகைப் பத்திரத்தில் இருவர் பெயரும் இருக்கட்டும். பாங்கிக் கணக்கில் நாமினி எழுதுங்கள். இருவரும் உயில் எழுதி வையுங்கள். உயில் இல்லாவிட்டால் துணைக்கு வாரிசு பாத்தியதை கிடையாது. "இந்த வயதில் உயிலா, மாமா?" என்று சிரித்தாள். ஆனால் எழுதினாள். நாலாவதாக, அடுத்த வீட்டுக்காரர்களோடு பழகு என்றேன்.

இந்த நவராத்திரியில் டெலிபோன் செய்தாள். எதிர் வீட்டு மாமி சுண்டல் கொடுக்க வந்தாளாம்.

"என்ன கேட்டாள்?" என்றேன், கொஞ்சம் கவலையோடு.

"உப்பு சரியாக இருக்கா என்று கேட்டாள், மாமா."